தாத்தாவின் ரேசர் உனக்கு வருகிறது

அயனாவரம், சென்னை

அன்புள்ள தம்பி,

போன வாரம் வீடியோ காலில் உன் கழுத்தைப் பார்த்ததிலிருந்து அம்மா புலம்பிக்கொண்டே இருக்கிறாள். ஜெர்மனியில் நீ இருக்கிற கொலோன் நகரத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவள் கட்சி. எனக்கு அந்த ஐந்து பிளேடு ரேசர் மேல்தான் சந்தேகம். அது முடியை இழுத்து, தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டிவிடுகிறது. சுருள் முடி திரும்ப வளரும்போது வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே குத்துகிறது. உனக்கு என் முடிதானே. இருபத்தைந்து வயதில் எனக்கும் இதே கொப்புளம் இருந்தது.

அதனால் தாத்தாவின் ரேசரை அனுப்புகிறேன். அப்பா பிளேடு போட ஆரம்பித்துவிட்டார் என்று சிரிக்காதே. இந்தத் தடவை நிஜமாகவே பிளேடு சமாசாரம்தான்.

ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில் தாத்தா அதை மூர் மார்க்கெட் பழைய சாமான் கடை ஒன்றில் பேரம் பேசி வாங்கினார். (அந்த மார்க்கெட் 1985-ல் எரிந்துபோனது. சென்ட்ரலில் நாம் புறநகர் ரயில் ஏறுகிற இடம்தான் அது.) ஜில்லெட்காரர்கள் 1958 முதல் 1961 வரை செய்த மாடல், சேகரிப்பவர்கள் ஃபேட்பாய் என்பார்கள். பிடியின் அடியில் உள்ள குமிழைத் திருகினால் மேலே இரண்டு கதவு திறக்கும். பிளேடை வைத்துத் திருகி மூடு. ரேசரின் கழுத்தில் 1 முதல் 9 வரை எண் போட்ட வளையம் இருக்கிறது. எண் ஏற ஏற, பிளேடுக்கும் அதன் கீழே உள்ள தடுப்புப் பட்டைக்கும் நடுவே இடைவெளி கூடும், வெட்டும் கடுமையாகும். எண்ணை மாற்றும்போது மட்டும் குமிழைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்.

ஒன்பது என்றால் ஒன்பது மடங்கு பளபளப்பு என்று நினைத்தவன் நான். பெண் பார்க்கப் போன அன்று காலையில் 9-ல் வைத்து இழுத்தேன். தாடையில் ஒட்டியிருந்த காகிதத் துண்டைப் பார்த்துத்தான் உன் அம்மா முதலில் சிரித்தாள்.

நீ 2-ல் ஆரம்பி. ஒரு வாரம் கழித்துப் போதவில்லை என்றால் 3. இரண்டு நாள் தாடி இருந்தால் 5 வரை போகலாம். அதற்கு மேல் எனக்கு இன்றுவரை தேவைப்படவில்லை. அழுத்தாதே. இப்போதைய ரேசரில் அழுத்திப் பழகிய கை அது, மறக்க நாளாகும். இதற்கு அதன் எடையே போதும். தோலுக்கு முப்பது டிகிரி சாய்வில் பிடித்து, சின்னச் சின்னதாக இழு. கழுத்தில் முடி எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று முதலில் விரலால் தடவிப் பார். உனக்கு இடது பக்கம் காதை நோக்கிப் போகும், எனக்கும் அப்படித்தான். அதன் போக்கிலேயே ஒரு தடவை, மறுபடி சோப்பு போட்டுக் குறுக்கே ஒரு தடவை. எதிர்த்துப் போகவே போகாதே.

தாத்தாவுக்குக் கடைசி இரண்டு வருஷம் கை நடுங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் செய்துவிடுவேன், 1-ல் வைத்து. கன்னம் ஒட்டிப்போயிருந்ததால் வாய்க்குள் காற்றை அடக்கி உப்பிக் காட்டுவார். முடிந்ததும் தடவிப் பார்த்து, “இன்னும் இருக்குடா” என்பார். இருக்காது.

தண்ணீர் விஷயத்தில் அம்மா சொல்வதும் முழுத் தப்பில்லை. நம் வீட்டு போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்று தாத்தா ஒரு சொம்பு மெட்ரோ தண்ணீரைத் தனியாக எடுத்து வைப்பார். உன் கெட்டிலில் வெள்ளையாகப் படிகிறது என்றாயே, அதே கதைதான். கொதிக்க வைத்துத் தெளிந்த தண்ணீரில் பிரஷை நனை.

பக்கத்து வீட்டுப் பெண் வியாழக்கிழமை கிளம்புகிறாள். செக்-இன் பெட்டியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ரேசரோடு படிகாரக் கட்டி ஒன்றும் இருக்கும். முடித்தபிறகு ஈரத்தோடு தேய், எரிகிற இடம் நீ அழுத்திய இடம். பிளேடு வைக்கவில்லை, அங்கேயே வாங்கிக்கொள். சோலிங்கன் உனக்குப் பக்கத்து ஊர், கத்திக்கும் பிளேடுக்கும் பேர்போனது. ஐந்தாறு ஷேவிங்குக்கு ஒன்று மாற்று. பழையதைக் குப்பையில் அப்படியே போடாமல் ஒரு தகர டப்பாவில் சேர்த்து வை.

முதல் தடவை திங்கட்கிழமை அவசரத்தில் வேண்டாம். ஞாயிறு காலையில் நிதானமாகச் செய்துவிட்டு கால் பண்ணு, அம்மாவுக்குக் கழுத்தைக் காட்டு.

அன்புடன்,
அப்பா