எனக்கென்று எடுக்கவில்லை

கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய மருந்து வந்து சேர்ந்தது. அப்பாவுக்கு முட்டி வலி இப்போது பரவாயில்லை. இதைச் சொல்ல மட்டும் உட்காரவில்லை.

போன ஞாயிறு, தேர்தல் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டதற்கு "அதெல்லாம் போனில் வேண்டாம்மா" என்றாய். அப்புறம் மாத்திரை போட்டாயா, தூங்கினாயா என்று ரெண்டு கேள்வி, அவ்வளவுதான். கட்சி அலுவலகத்தில் கணக்குப் பிரிவுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. அதற்கு முன்பு அரசியல் பேசாமல் நீ போனை வைத்த நாள் உண்டா? அந்த நியூயார்க் விஷயத்தை ராத்திரி பதினோரு மணிக்கு என்னை எழுப்பிச் சொன்னவள் நீ. ஐ.நா.வுக்கு வந்த தூதர்கள் வண்டியைக் கண்ட இடத்தில் நிறுத்திவிட்டு அபராதம் கட்டாமல் போனாலும் யாரும் எதுவும் செய்ய முடியாது என்றிருந்த காலம். 1997-லிருந்து 2002 வரை சில நாட்டுத் தூதர்கள் பேரில் தலைக்கு நூறுக்கு மேல் சீட்டு நிலுவை, நார்வே, சுவீடன்காரர்கள் பேரில் ஒன்றுகூட இல்லை. ஒரே தெரு, ஒரே சலுகை, அவரவர் கொண்டுவந்தது அவரவர் ஊர்ப் பழக்கம் என்று மூச்சுவிடாமல் சொன்னாய். பிற்பாதியை நான் அப்புறம் படித்தேன். 2002 கடைசியில், கட்டாவிட்டால் நம்பர் பிளேட்டையே பிடுங்கிவிடுவோம் என்றதும் நிலுவை அநேகமாக நின்றே போனது. கேட்க ஆள் இருந்தால் பழக்கமும் மாறும் கண்ணம்மா. யாரும் கேட்காத இடத்தில்தான் பயம்.

படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. தேதி போடு.

ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா பற்றிச் சொன்னதும் நீதான். 1966-ல் சுதந்திரம், அடுத்த வருடமே ஒராபாவில் வைரம். அது அந்நாட்டின் முதல் ஜனாதிபதி செரெட்சே காமாவின் சொந்த இனக்குழுவின் நிலம், அவரோ அந்தத் தலைமைக்குப் பிறந்தவர். எங்கள் மண், எங்கள் வைரம் என்று சொல்லியிருக்கலாம். அதே 1967-ல் கனிம உரிமையை நாட்டுக்கென்று சட்டத்தில் எழுதினார்கள். அதே காலத்தில் செம்பும் வைரமும் குவிந்த காங்கோவை 1965 முதல் 1997 வரை ஆண்ட மொபுட்டு, தன் ஊர்ப்பக்கம் கடோலிட்டேயில் அரண்மனை கட்டி, கான்கார்ட் விமானம் இறங்குகிற நீளத்துக்கு ஓடுபாதையும் போட்டுக்கொண்டார். இதையெல்லாம் நீ சொல்லும்போது உன் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்பார். பெருமைதான் அவருக்கு, உன்னிடம் சொல்ல மாட்டார். ஆனால் கண் அறுவை அன்று நீ வராததையும் அவர் இன்னும் மறக்கவில்லை.

மொபுட்டுவை நினைத்து நான் பயப்படவில்லை, நீ அந்த ரகம் இல்லை. என் தூக்கத்தைக் கெடுப்பவர் ஜெர்மனியின் ஹெல்முட் கோல். பதினாறு வருடம் ஆட்சித் தலைவர், பிரிந்து கிடந்த நாட்டை 1990-ல் ஒன்றாக்கியவர். 1999 கடைசியில், கட்சிக்கு வந்த 15 முதல் 20 லட்சம் மார்க் வரையான நன்கொடையைக் கணக்கில் காட்டவில்லை என்று ஒப்புக்கொண்டார். அதைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போனதாக யாரும் சொல்லவில்லை. எல்லாம் கட்சிக்கு. கொடுத்தவர் யார் என்றால், வாக்குக் கொடுத்துவிட்டேன், சொல்ல மாட்டேன் என்றார், கடைசிவரை சொல்லவே இல்லை. நாட்டின் சட்டத்தைவிட யாரோ நாலு பேருக்குக் கொடுத்த வாக்கு பெரிதாகிவிட்டது. எனக்கென்று எடுக்கவில்லை என்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது, அந்த நிம்மதிதான் ஆளை இழுத்துக்கொண்டு போகிறது. பெயரில்லாமல் கொடுத்தவன் கொடுத்ததை மறப்பதில்லை. நாளைக்கு ஒரு டெண்டரோ வரிச்சலுகையோ அவன் பக்கம் சாய்ந்தால், ஏன் என்று கேட்க ஓட்டுப் போட்டவனிடம் ஒரு துண்டுத் தாள்கூட இருக்காது.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. உன் மேஜைக்கு என்ன வருகிறது என்று எனக்குத் தெரியாது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு, நகல் எடுத்து வைத்துக்கொள்.

இதை எனக்கு யாராவது சொல்லியிருந்தால் என்று எழுத வந்தேன், அதுவும் பொய். எனக்குத் தெரியும். நீ பன்னிரண்டாவது படித்த வருடம் ஒரு பள்ளிக்கூடக் கட்டிடத்தின் பில் என்னிடம் வந்தது. நடந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் கடைசி ரெண்டு பக்கம் காலி, அடியில் கையெழுத்து மட்டும். திருப்பி அனுப்பினேன். மேலதிகாரி கூப்பிட்டு, "உங்கள் பெண்ணுக்குப் பரீட்சை வருஷமாமே, இப்போது மாற்றல் வந்தால் சிரமம்தானே" என்றார், வேறு ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் பாஸ் செய்தேன். ஒரு காசு வாங்கவில்லை. உனக்காக என்று சொல்லிக்கொண்டேன், அந்த அதிகாரியும் யாருக்காகவோ என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்த வருடம்தான் நீ பேச்சுப் போட்டியில் "என் அம்மா தப்பான தாளில் கையெழுத்துப் போடாதவர்" என்று பேசினாய். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வராந்தா சுவரைக் கட்டைவிரலால் தேய்த்தேன், மணல் உதிர்ந்து செருப்பில் விழுந்தது. உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு இது இன்றுவரை தெரியாது.

போனில் வேண்டாம் என்றால் வேண்டாம், நேரில் வா. ஒருநாள் போதும். என்னிடம் எதை வேண்டுமானாலும் கேள், உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

அம்மா