வீட்டுப்பாடத் தளம் 2025 மே 16 முதல் 19 வரை இயங்காது

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகள் வீட்டுப்பாடம் ஏற்றும் நம் பள்ளியின் மூடுல் தளத்தை மே 16 வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு நிறுத்துகிறோம். 19 திங்கள் காலை 9 மணிக்குத் திறந்துவிடும். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்து குடியாத்தமே ஓய்ந்திருக்கும் நேரம் என்பதால்தான் இந்த நாட்களைத் தேர்ந்தெடுத்தோம். அந்த வாரம் தர வேண்டிய கோடைப் பயிற்சிகளுக்கு 22-ஆம் தேதி வரை அவகாசம் உண்டு. யாரும் பதற வேண்டாம்.

நன்றாகத்தானே ஓடுகிறது, இப்போது எதற்கு இந்த வேலை என்று சிலர் கேட்டீர்கள். தளம் இருக்கும் நம் சர்வர் கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள் உபுண்டு லினக்ஸ் 20.04. அதற்கு வழக்கமாக வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் இந்த மே மாதத்தோடு நிற்கின்றன. இப்போது நாம் பயன்படுத்தும் மூடுல் 4.1 பதிப்புக்கும் 2025 டிசம்பர் வரைதான். பூட்டு கெட்டுப்போன பீரோவில் உங்கள் பிள்ளைகளின் மதிப்பெண்களையும் படங்களையும் வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் முதலில் உபுண்டு 22.04-க்கு மாறுகிறோம். அதோடு, மூடுல் ஓடத் தேவையான பிஎச்பி என்ற நிரல்மொழியும் 7.4 போய் 8.1 வரும். அதன் மேல்தான் மூடுல் 4.5 ஏறும், பிஎச்பி 8.1-க்குக் கீழே இருந்தால் அது ஏறவே ஏறாது. மூடுல் 2002-இல் ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியாமாஸ் வெளியிட்ட மென்பொருள். உபுண்டுவைப் போலவே அதையும் யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் நிறுவிக்கொள்ளலாம். ஆகவே இதற்காக உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்க மாட்டோம்.

போன வாரம் ஓர் அம்மா தறியை நிறுத்திவிட்டு, போனைக் கையில் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். "பாப்பா வருஷம் முழுக்கப் போட்டதெல்லாம் அழிஞ்சிடுமா டீச்சர்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை உங்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் தொடக்கத்தில் கணினி அறையில் இருந்த பழைய கணினி ஒன்றில் இதே வேலையை ஒத்திகை பார்த்தோம். பேக்கப்பில், அதாவது பாதுகாப்புக்காக எடுத்துவைத்த பிரதியில் இருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினோம். பெயர்கள் வந்தன, மதிப்பெண்கள் வந்தன. எல்லோருக்கும் மகிழ்ச்சி. அப்புறம் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி செய்திருந்த பாலாற்று மாதிரியின் படத்தை நானே அழுத்திப் பார்த்தேன். தலைப்பு இருந்தது, படம் இல்லை. இன்னும் பத்துப் பேருடையதைத் திறந்தேன். ஒன்றுமே வரவில்லை. இரவுதோறும் நாங்கள் எடுத்துவந்த பேக்கப்பில், பெயர்களும் மதிப்பெண்களும் பதிவாகியிருக்கும் தரவுத்தளம் மட்டும்தான் இருந்திருக்கிறது. படங்களும் கோப்புகளும் கிடக்கும் 'மூடுல்டேட்டா' என்ற ஃபோல்டர் அதில் சேரவே இல்லை. இது எங்கள் தவறு. அன்று சர்வரின் வட்டு பழுதாகியிருந்தால் ஒரு வருட உழைப்பும் போயிருக்கும்.

அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் முழுதாகப் புரிந்தது. உள்ளே எந்தப் பிள்ளையின் பெயரும் கிடையாது. ஒவ்வொரு கோப்புக்கும் எழுத்தும் எண்ணும் கலந்து 40 குறிகள் கொண்ட ஒரு பெயர், அவ்வளவுதான். எது யாருடையது என்பது தரவுத்தளத்துக்கு மட்டுமே தெரியும். ஒன்றை விட்டால் மற்றொன்றால் பயனில்லை. இரண்டையும் ஒரே நேரத்து நிலையில் எடுக்க வேண்டும். நடுவில் ஒரு பிள்ளை வீட்டுப்பாடம் ஏற்றிவிட்டால் கணக்கு பொருந்தாமல் போகும். தளத்தை மூடிவிட்டு வேலையைத் தொடங்குவது இதற்காகத்தான்.

ஏப்ரல் கடைசியில் மறுபடி ஒத்திகை நடத்தினோம். இம்முறை மூடுல் நிரல், தரவுத்தளம், மூடுல்டேட்டா மூன்றையும் சேர்த்து எடுத்தோம். வகுப்புக்குப் பத்துப் பேர் என்று திறந்து பார்த்தோம். பாலாறு வந்துவிட்டது. வெள்ளி இரவு எடுக்கும் பேக்கப்பில் ஒரு பிரதி என் அறையிலும் இன்னொன்று பள்ளிக்கு வெளியிலும் இருக்கும். இந்த வெயிலில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. தரவுத்தளம் பாதி மாறிய நிலையில் நின்றால் சிக்கல் என்பதால் யுபிஎஸ் போதாது என்று ஜெனரேட்டருக்கும் சொல்லிவைத்திருக்கிறோம்.

இன்னொன்று. படம் ஏறவில்லை என்று பலர் சொன்னீர்கள், சிலர் கூடுதலாக ரீசார்ஜ் செய்தும் பார்த்தீர்கள். குறை உங்கள் நெட்டில் இல்லை. பிஎச்பியில் நாம் மாற்றாதவரை 2 எம்பிக்கு மேல் ஒரு கோப்பை ஏற்காது. போனில் எடுக்கும் படமோ 3, 4 எம்பி வந்துவிடுகிறது. இதைக் கவனிக்காமல் விட்டதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். திங்கள் முதல் 20 எம்பி வரை ஏறும்.

முகவரி, பயனர் பெயர், பாஸ்வேர்டு எதுவும் மாறாது. திரையின் தோற்றம் கொஞ்சம் மாறியிருக்கும். மொழி மெனுவில் தமிழைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். தளம் மாறுகிறது என்று சொல்லி யாராவது பாஸ்வேர்டோ ஓடிபியோ கேட்டால் கொடுக்காதீர்கள். பள்ளியிலிருந்து நாங்கள் கேட்க மாட்டோம்.

உங்களிடம் ஒரே ஓர் உதவி கேட்கிறேன். திங்கட்கிழமை பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஜூன், ஜூலையில் போட்ட பழைய வீட்டுப்பாடம் ஒன்றைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் திரையை அப்படியே படம் எடுத்து வகுப்பாசிரியருக்கு அனுப்புங்கள். பழைய வட்டை மாதக் கடைசி வரை அழிக்காமல் வைத்திருப்போம், அதிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியை