சிமென்ட்டைக் கைகாட்டினால் போதுமா?

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பிட்காயின் என்ற டிஜிட்டல் நாணயத்துக்கான மைனிங் இயந்திரங்கள், அதாவது அதன் கணக்கேட்டில் வரவு செலவைச் சேர்த்து அதற்குப் பரிசாகப் புது நாணயம் ஈட்டும் கணினிகள் வாங்கி, வாடகைக் கூடத்தில் ஓடவிடப்போவதாக எழுதியிருந்தாய். பணம் உன்னுடையது, அதில் நான் தலையிடப் போவதில்லை. ஆனால் "சிமென்ட்டும் விமானமும் கக்குகிற புகைக்கு முன்னால் இதெல்லாம் எந்த மூலைக்கு அப்பா?" என்று கேட்டிருந்தாயே, அதைச் சும்மா விட மனம் வரவில்லை.

கணக்கில் நீ சொல்வது சரிதான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 2025இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பிட்காயின் ஆண்டுக்குச் சுமார் 138 டெராவாட் மணி மின்சாரம் எடுக்கிறது. உலக மின்சாரத்தில் இது அரை சதவீதம். கரியுமிழ்வு ஏறக்குறைய 4 கோடி டன். சிமென்ட்டோ உலகக் கார்பன் டை ஆக்சைடில் 7, 8 சதவீதம் வரை போகிறது. ஏசியும் மின்விசிறியும் மட்டுமே உலக மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கை விழுங்குகின்றன. "ஒரு பரிவர்த்தனைக்கு இத்தனை யூனிட்" என்று பயமுறுத்துகிறவர்களையும் நான் நம்புவதில்லை. மின்சாரம் செலவாவது பிளாக்குக்கு, அதாவது பரிவர்த்தனைகளைக் கட்டிக் கணக்கேட்டில் சேர்க்கும் ஒரு தொகுப்புக்கு. அதற்குள் பத்துப் பரிவர்த்தனை இருந்தாலும் மூவாயிரம் இருந்தாலும் செலவு ஒன்றுதான்.

எனக்கு இடிப்பது வேறு இடத்தில். சிமென்ட் ஆலை இரண்டு மடங்கு ஓடினால் இரண்டு மடங்கு சிமென்ட் வரும். நீ வாங்கப்போகும் இயந்திரம் என்ன செய்கிறது? ஓர் எண்ணை மாற்றி மாற்றிப் போட்டு, விடை ஒரு வரம்புக்குக் கீழே விழுகிறதா என்று பார்க்கிறது. நொடிக்கு நூறு லட்சம் கோடி தடவைக்கு மேல்! விழாத விடையெல்லாம் குப்பை. உலகம் முழுக்க இயந்திரங்கள் பெருகினால் வேலை சீக்கிரம் முடியுமா என்றால், அதுவும் இல்லை. ஒவ்வொரு 2,016 பிளாக்குக்கும் ஒருமுறை இந்தக் கணக்கின் கடினம் கூட்டப்பட்டு, மறுபடியும் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்ற கணக்குக்கே வந்துவிடும். வலைப்பின்னலைத் தாக்குவது இன்னும் கடினமாகும், அவ்வளவுதான் லாபம். அந்தப் பாதுகாப்புக்கு வேறு வழி இருக்கிறது என்று எத்தீரியம் என்ற இன்னொரு டிஜிட்டல் நாணய வலைப்பின்னல் காட்டியது. 2022 செப்டம்பரில் மைனிங்கையே கைவிட்டது; மின்செலவு 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. சிமென்ட்காரர்களுக்கு அப்படி ஒரே நாளில் மாற வழியில்லை, பாவம். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டாலே அதிலிருந்து வாயு வந்துதீரும்.

இன்னொன்று, மலிவான மின்சாரம் எங்கே கிடைக்குமோ அங்கே இந்தத் தொழில் ஓடும். 2021இல் சீனா தடை போட்டதும் இயந்திரங்களில் ஒரு பகுதி கஜகஸ்தானுக்குப் போனது. அங்கே மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியில்தான். நியூயார்க் மாநிலத்தில் செனிகா ஏரிக்கரையில் மூடிக்கிடந்த பழைய அனல்மின் நிலையத்தை எரிவாயுவுக்கு மாற்றித் திறந்தார்கள். பிறகு அங்கேயே பிட்காயின் இயந்திரங்களைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். அரை சதவீதம் என்ற அந்தக் கணக்குக்குள் இப்படிப்பட்ட புகைபோக்கிகளும் அடக்கம்.

சரி, முன்பணம் கட்டும் முன் கூடத்துக்காரரிடம் இரண்டு விஷயம் கேள். மின்சாரம் எந்த நிலையத்திலிருந்து வருகிறது? ஊருக்கே மின்சாரம் போதாத நேரத்தில் இயந்திரத்தை நிறுத்துவார்களா? அப்புறம், அந்த இயந்திரத்திலுள்ள சில்லுக்கு ஹாஷ், அதாவது மேலே சொன்ன எண் கணக்கு, போடுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. புது மாடல் வந்துவிட்டால் பழையதை யார் எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள். என்ன சொன்னார்கள் என்று எழுது.

அன்புடன்,
அப்பா