பிளஸ் டூ பிள்ளைகளின் பட்டியலில் இன்னொரு விண்ணப்பத்தையும் சேருங்கள்: கொங்கு மண்டலப் பள்ளி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களின் மேல்நிலைப் பள்ளி முதல்வர்களுக்கும் தாளாளர்களுக்கும் வணக்கம்.

கோபிசெட்டிபாளையத்தில் இ-சேவையும் ஜெராக்ஸும் சேர்ந்த சின்னக் கடை நடத்துகிறேன். மே மாதம் ரிசல்ட் வந்த மதியமே உங்கள் மாணவர்கள் அப்பா அம்மாவோடு எங்கள் கடைக்கு வந்துவிடுவார்கள். இன்ஜினியரிங் கவுன்சிலிங், வேளாண் பல்கலைக்கழகம், அரசு கலைக் கல்லூரி என்று வரிசையாக விண்ணப்பம் போடுவோம். கணக்கு முழுசா, பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் பாதிப் பாதி என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுவதில் எங்களைவிட அவர்கள் வேகம்.

அந்தக் கூட்டத்தில் வருசா வருசம் ஒன்றிரண்டு பிள்ளைகள் மெதுவாகக் கேட்பார்கள்: “ஏனுங்கண்ணா, பிசிக்ஸும் பயாலஜியும் சேர்த்துப் படிக்கற மாதிரி ஏதாச்சும் கோர்ஸ் இருக்குங்களா?” இருக்கிறது. ஆனால் அவர்கள் கேட்கிற நேரத்தில் அதற்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதி போயிருக்கும். இந்த மடலே அதற்காகத்தான்.

ஐசர் என்று சுருக்கிச் சொல்லும் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்கள் நாட்டில் ஏழு. 2006-இல் புனேயிலும் கொல்கத்தாவிலும் தொடங்கினார்கள். பிறகு மொகாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர். ஐந்து வருடம் படித்தால் பி.எஸ்., எம்.எஸ். இரண்டும் சேர்ந்து கிடைக்கும். ஆரம்ப வருடங்களில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் எல்லாவற்றையும் தொட்டுப் படித்துவிட்டு, அப்புறம்தான் எதில் ஆழமாகப் போவது என்று முடிவெடுப்பார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் 2011 முதல் இதே போக்கில் நான்கு வருட ஆராய்ச்சிப் பட்டம் நடக்கிறது. புவனேசுவரத்தில் இதே மாதிரிப் படிப்பு நடத்தும் நைசருக்கு (தேசிய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம்) நெஸ்ட் என்று தனித் தேர்வு.

ஐசருக்கு ஐஏடி என்ற நுழைவுத் தேர்வு. நான்கு பாடத்திலும் 15 கேள்வி வீதம் 60 கேள்வி, மூன்று மணி நேரம். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறானதற்கு 1 கழியும். பிளஸ் டூவில் அந்த நான்கில் மூன்று பாடம் படித்திருந்தாலே விண்ணப்பிக்கலாம். அதாவது கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் பயாலஜி இல்லாத பையனும் போடலாம், ப்யூர் சயின்ஸ் எடுத்துக் கணக்கை விட்ட பெண்ணும் போடலாம். இதை என் கடையில் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். “எங்க மிஸ் பர்ஸ்ட் குரூப்புக்கு மட்டும்தான்னாங்களே” என்கிறார்கள்.

விண்ணப்பம் திறப்பது பொதுத்தேர்வை ஒட்டி, மார்ச், ஏப்ரல் வாக்கில். அப்போது உங்கள் பள்ளியில் யாருக்கும் நிமிர நேரம் கிடையாது, எனக்கும் தெரியும். நம் வீடுகளில் மேற்படிப்பைப் பற்றிப் பேச்சு எடுப்பதே ரிசல்ட்டுக்குப் பிறகு. நீட்டுக்கும் ஜேஇஇக்கும் மட்டும் இந்தச் சிக்கல் இல்லை. அவற்றுக்குப் பள்ளியிலேயே உட்காரவைத்துப் பதிவு செய்துவிடுகிறீர்கள். அதே நாற்காலியில் இன்னும் அரை மணி நேரம் உட்காரவைத்தால் போதும் என்பதுதான் என் கோரிக்கை. அரசுப் பள்ளிகளில் 2022-இல் நான் முதல்வன் திட்டம் வந்த பிறகு இந்தப் பெயர்களாவது பிள்ளைகள் காதில் விழுகின்றன. லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் விடுதிப் பள்ளிகளிலிருந்து வருகிறவர்கள்தான் ஐசர் என்றால் விழிக்கிறார்கள். இது எனக்கு வேடிக்கையாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது.

பதிவு செய்யும்போது ஒரு விஷயம் பாருங்கள். இந்தப் பக்கத்து விடுதிப் பள்ளி ஒன்றில் எல்லாப் பிள்ளைகளின் விண்ணப்பத்திலும் அலுவலகக் கிளார்க்கின் செல்போன் எண்ணையே போட்டிருந்தார்கள். பிள்ளைகள் கையில் போன் கிடையாது, வேறு வழியில்லை என்று நினைத்திருப்பார்கள். கவுன்சிலிங் சமயத்தில் ஓடிபி அவருக்குப் போகிறது, அவரோ கோடை விடுமுறையில் ஊருக்குப் போய்விட்டார். பவானிசாகரிலிருந்து வந்த ஓர் அப்பா என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அந்தக் கிளார்க்குக்கு போன் அடித்துக்கொண்டே இருந்தார்; அவர் எடுக்கவே இல்லை. பெற்றோர் எண்ணைப் போடுங்கள். மின்னஞ்சலைப் பிள்ளை பெயரிலேயே தொடங்கி, பாஸ்வேர்டை நோட்டில் எழுதிக் கொடுங்கள். ஆதாரில் இனிஷியல் முன்னாலும் மார்க் ஷீட்டில் பின்னாலும் இருந்தால் அதையும் முதலிலேயே சரி பார்த்துவிடுங்கள்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். நம்மிடம் இருக்கும் பிசி, எம்பிசி அட்டை மத்திய நிறுவனங்களில் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்), கிரீமி லேயர் (அவர்களில் வசதி படைத்தோர்) அல்லாதவர் என்று தாசில்தார் தரும் சான்று வேண்டும், அதுவும் புதிதாக வாங்கியதாக. “எட்டு லட்சத்துக்கு மேல வருதுங்க, நமக்கு அது கிடைக்காது” என்று தோட்டக்காரர்கள் அவர்களாகவே ஒதுங்கிக்கொள்கிறார்கள். அந்த எட்டு லட்ச ஆண்டு வருமான வரம்புக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. நிலத்தின் அளவுக்கு, பதவிக்கு என்று தனி விதிகள் உண்டு. விசாரிக்காமல் விட்டுவிடாதீர்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் ஏறும்; ஜெராக்ஸ் கடைக்காரன் சொன்னால் ஏறாது.

“இதைப் படிச்சு என்ன வேலைக்குங்க போறது?” இந்தக் கேள்வி உங்களிடமும் வரும். தயவுசெய்து மழுப்பாதீர்கள். இருபத்தொரு வயதில் சம்பளம் வேண்டும் என்கிற வீட்டுக்கு இந்தப் படிப்பு ஒத்துவராது. பலர் இதற்கு மேலும் ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகிறவர்கள்தான். போர்டு தேர்வில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் எடுக்கும் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை வருடத்துக்கு 80,000 ரூபாய் வரை உண்டு. அதையும் சொல்லுங்கள், உத்தரவாதம் மாதிரிச் சொல்லாமல் சொல்லுங்கள்.

ஆனால் இந்த மண்ணுக்கு அந்தப் படிப்பு அந்நியம் இல்லை. கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912-இல் வந்தது. தின்னும் கரும்பைக் காட்டுப் புல்லோடு ஒட்டுச் சேர்த்து அவர்கள் 1918-இல் வெளியிட்ட கோ 205 ரகம் பஞ்சாப் வரை போனது. தாவரவியல் மட்டும் தெரிந்து அதைச் செய்திருக்க முடியாது. பொள்ளாச்சித் தென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-இல் அங்கே கண்டுபிடித்த சுருள் வெள்ளை ஈ இன்று எங்கள் பக்கத் தோப்பிலும் இருக்கிறது. ஓலைக்கு அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். அது கழிக்கும் தேன் போன்ற கழிவு கீழ் ஓலைகளில் விழும். அதன் மேல் கரும்பூசணம் படரும். ஓலை கருத்து, வெயில் பட்டாலும் உணவு தயாரிக்காது. மருந்தடித்தால் அந்த ஈயைத் தின்கிற நல்ல பூச்சியும் செத்துப்போகிறது. அதனால்தான் மைதாப் பசையைக் கரைத்து அடி, மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டு, குளவி ஒட்டுண்ணியை விடு என்கிறார்கள். பூச்சியியல், பூசணம், வெயில் மழைக் கணக்கு, பசையின் வேதியியல் எல்லாம் ஒரே மரத்தில் கிடக்கின்றன. ஒரு பாடத்தை மட்டும் படித்தவர் எங்கே இருந்து தொடங்குவார்?

அந்தத் தோப்புகளிலிருந்து வரும் பிள்ளைகள்தான் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாரையும் இதற்குத் தள்ளச் சொல்லவில்லை. வகுப்புக்கு ஓரிருவர் இருப்பார்கள், யாரென்று உங்கள் அறிவியல் ஆசிரியர்களுக்கு நன்றாகவே தெரியும்.

பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு முடிந்த கையோடு ஐஏடி, நெஸ்ட் இரண்டின் அறிவிப்பும் வந்துவிட்டதா என்று பார்த்து, தேதியை ஆய்வகக் கதவில் ஒட்டிவையுங்கள். ஐஏடி கேள்வித்தாள் தமிழில் வருவதில்லை, ஆகவே தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொற்களை ஆங்கிலத்திலும் பழக்க இரண்டு வாரமாவது ஒதுக்குங்கள். விண்ணப்பம் போட உங்கள் பள்ளியில் ஆள் இல்லையென்றால் பிள்ளையை இங்கே அனுப்புங்கள். கடை இரவு ஒன்பது வரை திறந்திருக்கும், ஐசர், நெஸ்ட் விண்ணப்பத்துக்கு நான் சர்வீஸ் சார்ஜ் வாங்குவதில்லை.

இப்படிக்கு,
கோபியில் இ-சேவைக் கடை நடத்தும் ஒருவன்