எங்கள் மாடித்தோட்டச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன, சந்தா பாக்கி யார் யாரிடம் என்பது அவரவருக்கே தெரியும். அதனால் நேராக இந்த ஆண்டின் செடிக்கு வந்துவிடுகிறேன்: ஃபாக்ஸ்டெயில் ஆர்க்கிட், தாவரப் பெயர் ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூசா.

"பூக்கடையில் விற்கிற ஆர்க்கிட்டை விட்டுவிட்டு இது எதுக்கு?" என்று போன பொதுக்குழுவில் கேட்டார்கள். பூவோடு வாங்கி வருகிற ஃபலனாப்சிஸ் பூ உதிர்ந்த சில மாதத்தில் நம் வீடுகளில் எப்படிப் போய்ச் சேருகிறது என்று எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஃபாக்ஸ்டெயில் அப்படியில்லை. குடகு, சிக்கமகளூரு பக்கத்து மரங்களிலேயே தொற்றி வளர்கிற செடி, மழையும் தெரியும், வறட்சியும் தெரியும், 900 மீட்டர் உயரத்து பெங்களூரு அதற்குப் புதிய ஊரே இல்லை.

ஜூனில் விநியோகித்த கன்றுகளில் செத்தவற்றில் பெரும்பாலானவை தண்ணீர் இல்லாமல் சாகவில்லை, பாசத்தால் செத்தன. மண்ணும் கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) நிரப்பிய தொட்டியில் நட்டு, காலையும் மாலையும் ஊற்றினால் இந்த வேர் மூச்சுமுட்டி அழுகத்தான் செய்யும். இது மரத்தைப் பற்றிக்கொண்டு நிற்கிற செடி. மரத்திலிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை, வீட்டு மாமரம் பட்டுப்போய்விடுமோ என்று பயந்தவர்கள் நிம்மதியாக இருக்கலாம். விரல் தடிமன் வேர்கள் காற்றில் தொங்க வேண்டும், அவ்வளவுதான். நன்றாக ஊறவைத்து அலசிய தேங்காய் மட்டையிலோ சொரசொரப்பான மரத்துண்டிலோ பழைய வேட்டிக் கிழிசலால் கட்டிவிடுங்கள். காய்ந்திருக்கும்போது வேர் வெள்ளி நிறத்தில் இருக்கும், தண்ணீர் தெளித்துவிட்டு நின்று பாருங்கள், கண்ணெதிரிலேயே பச்சையாக மாறும். பச்சையானால் போதும், நிறுத்திவிடுங்கள், மறுபடி வெளுத்த பிறகுதான் அடுத்த தண்ணீர். டிசம்பர், ஜனவரியில் இன்னும் குறைக்கலாம்.

மழைக்காலத்தில் வேறொரு தொல்லை. இந்தச் செடிக்கு வளரும் குருத்து ஒன்றே ஒன்று, அதில் ராத்திரி முழுக்கத் தண்ணீர் தேங்கினால் அழுகல். அதனால் செடியைச் சற்றுச் சாய்த்துக் கட்டுங்கள், தண்ணீர் தானே வழிந்துவிடும். அப்புறம் நத்தை. வேர் நுனியைத் தின்றுவிட்டுக் காலையில் ஒன்றும் தெரியாததுபோல் தொட்டிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும்.

தண்ணீர் விஷயம். 2024 மார்ச்சில் குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த பிறகு, பலர் ஆர்ஓ எனும் குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் கழிவு நீரைச் செடிக்குத் திருப்பினார்கள். வாழைக்கோ செம்பருத்திக்கோ எப்படியோ, ஆர்க்கிட்டுக்கு வேண்டாம். உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. உப்புக் கடுத்த போர்வெல் தண்ணீரும் இதே கதைதான், வேரில் வெள்ளைப் படலம் ஏறும். மழைநீரை ஒரு டிரம்மில் பிடித்து வையுங்கள், ஒரு செடிக்கு ஒரு குவளைகூடச் செலவாகாது.

வெளிச்சத்துக்கு, வெயிலில் பாதியை மறைக்கிற 50 சதவீத ஷேட் நெட் (நிழல் வலை) சரியாக இருக்கிறது. இலை கரும்பச்சையாகத் தழைத்தால் சந்தோஷப்படாதீர்கள், வெயில் போதவில்லை என்று அர்த்தம். உரம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது), லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம், வளரும் காலத்தில் மட்டும்.

நம் கன்றுகள் பூக்க இன்னும் சில ஆண்டுகள் ஆகும். ஆனால் ஜீவன்பீமா நகரில் ஓர் உறுப்பினர் வீட்டுப் பலாமரத்தில் இருக்கிற பழைய செடி போன ஏப்ரலில் பூத்தது. நகரத்தில் வெயில் 38 டிகிரியைத் தாண்டிய அந்த மாதத்தில், வெள்ளையில் ஊதாப் புள்ளி வைத்த பூச்சரம் ஒரு முழத்துக்குத் தொங்கியது. பக்கத்து ஃப்ளாட்டில் இருக்கிற அஸ்ஸாம் பெண் அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாளாம். அவர்களுக்கு அது மாநிலப் பூ, பிஹு நடனத்துக்குக் கொண்டையில் வைக்கிற கபௌ. சரத்தை வெட்டிக் கொடுத்த அந்தப் பலாமர வீட்டு மாமியின் பெரிய மனசு எனக்கு வராது.

கொஞ்சம் கசப்பான விஷயமும் உண்டு. மரத்திலிருந்து பிய்த்த செடிகளைக் கட்டுக்கட்டாக ஒருவர் மலிவாகக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார், வாங்கலாம் என்று சிலர் வாதாடினார்கள். செயற்குழு மறுத்துவிட்டது, நானும் மறுத்த பக்கம்தான். தூசி மாதிரியான இதன் விதைக்குள் சேமித்த உணவே கிடையாது. காட்டில் சரியான பூஞ்சை கிடைத்தால்தான் முளைக்கும், அதனால் பிய்த்த இடத்தில் இன்னொன்று எளிதில் வராது. ஆய்வகத்தில் வளர்த்த கன்றுக்குக் கூடுதல் காசு கொடுப்போம்.

அடுத்த கூட்டத்தில் மட்டையில் கட்டும் பயிற்சி மீண்டும் உண்டு. இன்னும் தொட்டியில் வைத்திருப்பவர்கள் தொட்டியோடு வாருங்கள், அங்கேயே கழற்றிக் கட்டிக் கொடுத்துவிடுகிறோம். மட்டை சங்கத்துச் செலவு, கிழிந்த வேட்டி உங்களுடையது.

செயலாளர்