படகுத் துறைக்கு முன்னால் கரையைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிற்றேரிகளைச் சுற்றுலாத் தலமாக்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படகு, நடைபாதை, விளக்கு, செல்ஃபி மேடை எல்லாம் இருந்தன; தண்ணீரைத் தாங்கி நிற்கும் மண்கரையைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா அருவிக்கு மேலே கெல்லி பார்ன்ஸ் என்று ஒரு மண் அணை இருந்தது. மின்சாரத்துக்காக உயர்த்திக் கட்டியது. 1957-இல் மின் உற்பத்தி நின்றது. பிறகு அது வெறும் பொழுதுபோக்கு ஏரி. கீழ்ச்சரிவில் மரங்கள் வளர்ந்தன. 1973-இல் எடுத்த படத்திலேயே அங்கே மண் சரிந்திருப்பது தெரிகிறது. 1977 நவம்பர் 6, அடைமழை, அதிகாலை ஒன்றரை மணி. கரை உடைந்து, கீழே பைபிள் கல்லூரி வளாகத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 39 பேர் உயிரிழந்தார்கள். தனியார் அணைகளைச் சோதிக்கும்படி அதிபர் கார்ட்டர் உத்தரவிட்டது அதன் பிறகுதான்.

நம்முடைய அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021 எதைக் கணக்கில் எடுக்கிறது? 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளை. 10 முதல் 15 மீட்டர் என்றால் 500 மீட்டர் நீளமோ, 10 லட்சம் கன மீட்டர் கொள்ளளவோ, அதுபோல வேறொன்றோ இருக்க வேண்டும். கெல்லி பார்ன்ஸ் சுமார் 12 மீட்டர் உயரம், 120 மீட்டர் நீளம்; உடைந்தபோது இருந்த தண்ணீர் 8 லட்சம் கன மீட்டருக்குள். இந்த அளவுகளைப் பார்த்தால் நம் சட்டத்தின் கண்ணுக்கு அது அணையே இல்லை!

நான் பொதுப்பணித் துறையில் சேர்ந்த புதிதில் ஒரு லஸ்கர், அதாவது ஏரிக்கரையையும் மதகையும் கவனித்துக்கொள்ளும் ஊழியர், இருந்தார். மழைக்காலத்தில் கரையடியில் ஊறும் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி வெளிச்சத்தில் பார்ப்பார். "தெளிஞ்சு வந்தா பார்த்துக்கலாம் தம்பி. கலங்கி வந்தா கரை உள்ளுக்குள்ள கரையுது" என்பார். நிழலுக்கென்று கரையில் மரம் விடுகிறோம். அது பட்டுப்போய் வேர் மக்கினால் அந்தப் பொந்தே தண்ணீருக்குக் குழாய். படகுக்கு ஆழம் வேண்டுமென்று, ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வெளியேறும் வழியான மறுகாலில் மணல் மூட்டை அடுக்குவதையும் பார்த்திருக்கிறேன். அதைச் செய்கிறவர்களுக்கு மறுகால் எதற்கென்றே தெரியாது.

படகு டிக்கெட் கிழிக்க ஆள் போடுகிற ஏரியில் கரையைச் சுற்றிவர ஒரு லஸ்கரையும் போடச் சொல்லி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணி ஆய்வாளர் ஒருவர்,
தென்காசி மாவட்டம்