வேகப் பாதைக்குப் பெயர் கொடுக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இமிகிரேஷனுக்கு வேகப் பாதை வந்ததிலிருந்து நெல்லை, தென்காசி மாவட்டங்களில் அதைப் பற்றிய பேச்சும் கூடிவிட்டது, குழப்பமும் கூடிவிட்டது. கடையநல்லூரில் விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பதும் பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதும்தான் என் தொழில். "அண்ணாச்சி, அந்த ஃபாஸ்ட் டிராக் போட எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுக்கொண்டு வராத ஆள் இல்லை. அரசுக்குக் கட்ட வேண்டியது ஒரு பைசாகூட இல்லை, போனில் நீங்களே விண்ணப்பிக்கலாம் என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஏனென்றால் வேறு எங்கோ ஒருவர் ஆயிரக்கணக்கில் கேட்டிருக்கிறார், "இதைப் போட்டால் துபாயிலும் அமெரிக்காவிலும் கதவு தானாகத் திறக்கும்" என்றும் சொல்லியிருக்கிறார். இலவசத்துக்குக் காசு வாங்குவது ஒரு அநியாயம் என்றால், பொய்யைச் சொல்லி வாங்குவது அதைவிடப் பெரிய அநியாயம். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் நம் நாட்டுத் திட்டம். ஃபாஸ்ட் டிராக் இமிகிரேஷன், டிரஸ்டட் டிராவலர் புரோகிராம் என்பது அதன் பெயர். மத்திய உள்துறை அமைச்சகத்தின் திட்டம், நடத்துவது இமிகிரேஷன் துறை. 2024 ஜூன் 22-ல் டெல்லி மூன்றாவது டெர்மினலில் தொடங்கி, 2025 ஜனவரியில் சென்னை, மும்பை, கொச்சி, பெங்களூரு, ஹைதராபாத், கொல்கத்தா, அகமதாபாத் என்று விரிந்து, 2025 செப்டம்பரில் திருவனந்தபுரம், திருச்சி, கோழிக்கோடு, லக்னோ, அமிர்தசரஸ் வந்தன. இந்தியக் குடிமக்களும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்களும் சேரலாம். உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்து, பாஸ்போர்ட் நகலையும் போட்டோவையும் ஏற்றினால் பின்னணியைச் சரிபார்ப்பார்கள். ஒப்புதல் வந்த பிறகு கைரேகையும் முகப்படமும் கொடுக்க வேண்டும், அதைத் திட்டம் உள்ள விமான நிலையத்திலோ வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்திலோ கொடுக்கலாம். அவ்வளவுதான். அதன்பின் அங்கே இ-கேட்டில் பாஸ்போர்ட்டையும் போர்டிங் பாஸையும் காட்டி, முகமோ ரேகையோ ஒத்துப்போனால் கதவு திறந்துவிடும், போகும்போதும் வரும்போதும். இணையதள முகவரி காவ் டாட் இன் என்று முடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இது இமிகிரேஷன் வரிசைக்கு மட்டும்தான். லக்கேஜ் போடும் வரிசையும் பாதுகாப்புச் சோதனையும் எல்லோருக்கும் இருப்பது போலத்தான், திரும்பி வரும்போது கஸ்டம்ஸும் அப்படித்தான். யாரோ ஒருவர் ஊரில் கொடுத்துவிடச் சொல்லித் தந்த நகையையோ பொட்டலத்தையோ எடுத்து வருகிறவருக்கு இ-கேட் எந்தப் பாதுகாப்பும் தராது. டிஜியாத்ராவையும் இதையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். முகத்தைக் காட்டி விமான நிலையத்துக்குள் நுழைய உதவும் டிஜியாத்ரா உள்நாட்டு விமானத்துக்கானது, தூத்துக்குடியிலிருந்தோ மதுரையிலிருந்தோ சென்னை போய் அங்கே சர்வதேச விமானம் மாறுபவருக்கு இமிகிரேஷனில் அது உதவாது.

நம் ஊரில் இந்தத் திட்டம் யாருக்கு அதிகம் பயன்படும் என்று கேட்டால், வளைகுடா போய்வரும் சபுராளிகளுக்கு என்றுதான் சொல்வேன். கடையநல்லூர், மேலப்பாளையம், புளியங்குடி, வாசுதேவநல்லூர் பக்கமிருந்து வேன் பிடித்து, செங்கோட்டை வழியாக ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை என்று மலை இறங்கி, அல்லது நாகர்கோவில் சுற்றி, வீட்டாரிடம் விடைபெற்ற மனநிலையோடு நடுராத்திரி திருவனந்தபுரம் சேர்கிறவர்களுக்கு அந்த வரிசையில் நிற்கும் நேரம் மிச்சமானாலே பெரிய விஷயம். இவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதிவு ஐந்து வருடம் செல்லும் அல்லது பாஸ்போர்ட் காலம் முடியும் வரை செல்லும், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை. விண்ணப்பிக்கும்போது பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். ஆகவே பாஸ்போர்ட் இன்னும் ஒரு வருடத்தில் முடியப்போகிறது என்றால் முதலில் அதைப் புதுப்பியுங்கள், அப்புறம் இதற்குப் பெயர் கொடுங்கள். இல்லாவிட்டால் புதுப் பாஸ்போர்ட்டோடு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கைரேகை பற்றியும் சொல்ல வேண்டும். பீடி சுற்றிய கையும் கொத்தனார் வேலை பார்த்த கையும் ரேஷன் கடை மிஷினிலேயே பதியாமல் படும் பாடு நமக்குத் தெரியும். மகன் வீட்டுக்கோ கணவர் இருக்கும் நாட்டுக்கோ போகும் நம் பெண்கள் இ-கேட் முன்னால் நின்று கதவு திறக்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம், பக்கத்திலேயே அதிகாரி இருக்கும் வழக்கமான கவுண்டருக்குப் போகலாம். பயணத்துக்கு அதனால் தடை வராது. இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

அடுத்து, "துபாயிலும் திறக்கும்" என்ற பொய். இந்தியாவில் பதிந்தது இந்தியாவில் மட்டும் செல்லும். துபாயின் ஸ்மார்ட் கேட் அந்த நாடு தன் விதிப்படி வைத்திருக்கும் ஏற்பாடு, இங்கே பதிந்ததற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சிங்கப்பூர் போகிறவருக்கு இந்தக் கவலையே வேண்டாம். சாங்கி விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பயணிகளும் முன்பதிவு எதுவும் இல்லாமல் தானியங்கிப் பாதையைப் பயன்படுத்தலாம். அங்கே இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் அரைவல் கார்டை இணையத்தில் நிரப்பினால் போதும், அதுவும் இலவசம். இதற்கும் காசு கேட்கும் போலி இணையதளங்கள் இருக்கின்றன.

அமெரிக்கா விஷயம் வேறு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாளையங்கோட்டை, பெருமாள்புரம் பக்கம் வீட்டுக்கு ஒரு பிள்ளை அங்கே இருக்கிறது. அங்கே இறங்கும்போது இமிகிரேஷனில் வேகப் பாதை தரும் திட்டம் குளோபல் என்ட்ரி. இந்தியக் குடிமக்கள் 2017 முதல் அதில் சேர முடிகிறது. கட்டணம் 2024 அக்டோபரிலிருந்து 120 டாலர், நம் பணத்தில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல், ஐந்து வருடத்துக்கு. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்ப வராது. இந்தியர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு: நம் பாஸ்போர்ட் சேவா தளத்தில் இதற்கென்றே உள்ள பின்னணிச் சரிபார்ப்புக்கும் விண்ணப்பிக்க வேண்டும், அதை முடிக்காதவரை அங்கே நகராது. பிறகு நேர்காணல். அதற்கென்று தனியாகப் போக வேண்டியதில்லை, நிபந்தனையோடு ஒப்புதல் வந்துவிட்டால் அமெரிக்காவில் இறங்கும் அன்றே பல விமான நிலையங்களில் முடித்துக்கொள்ளலாம். அபுதாபி வழியாகப் போகிறவர்களுக்கு அமெரிக்க இமிகிரேஷன் அபுதாபியிலேயே நடக்கிறது, குளோபல் என்ட்ரி அங்கேயும் செல்லும்.

யார் சேர வேண்டும்? வேலை விசாவிலோ கிரீன் கார்டிலோ இருந்துகொண்டு வருடத்தில் இரண்டு மூன்று தடவையாவது வெளிநாடு போய்வருகிறவர்கள் தாராளமாகச் சேரலாம். அமெரிக்க விமான நிலையங்களில் லேப்டாப்பை வெளியே எடுக்கச் சொல்லும் பாதுகாப்பு வரிசையில் சலுகை தரும் ப்ரீசெக் என்பதும் இதிலேயே சேர்ந்து வருகிறது. ப்ரீசெக்கை மட்டும் தனியாக வாங்கினால் கட்டணம் குறைவு, ஆனால் எல்லையில் அதனால் ஒரு பலனும் இல்லை. கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ளவர்கள் எப்போதாவதுதான் பயணம் செய்கிறார்கள் என்றால் மொபைல் பாஸ்போர்ட் கன்ட்ரோல் என்ற இலவச செயலியே போதும். மகளின் பிரசவத்துக்கோ பேரன் பிறந்தநாளுக்கோ சில வருடத்துக்கு ஒருமுறை விசிட்டர் விசாவில் போகும் பெற்றோருக்கு 120 டாலர் கட்டச் சொல்வது வீண் செலவு என்பது என் கருத்து. அந்தப் பணத்துக்கு நல்ல நேரத்து விமானமாகப் பார்த்துப் போடுங்கள், நடக்க முடியாதவர் என்றால் வீல்சேருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அது அவர்களுக்கு உண்மையான உதவி.

குடும்பத்தோடு போகிறவர்கள் இன்னொன்று யோசிக்க வேண்டும். குளோபல் என்ட்ரி உறுப்பினர் தகுதி ஒவ்வொரு தலைக்கும் தனி, கைக்குழந்தைக்கும் தனி. பெற்றோர் உறுப்பினராக இருந்தாலோ விண்ணப்பித்திருந்தாலோ 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் விண்ணப்பம் போட்டே ஆக வேண்டும். அப்பா மட்டும் போட்டுவிட்டு, அம்மாவும் பிள்ளைகளும் நீண்ட வரிசையில் நிற்க, அவர் வெளியே காத்திருப்பதில் என்ன லாபம்?

கனடாவில் இருக்கும் நம்மவர்களுக்கு, கனடா-அமெரிக்க எல்லையை வேகமாகத் தாண்ட உதவும் நெக்ஸஸ் என்ற திட்டம். கனடா, அமெரிக்கா இரண்டின் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்பாளர்களுக்கும் உரியது, இப்போது இதற்கும் 120 அமெரிக்க டாலர்தான், குளோபல் என்ட்ரியின் பலனும் சேர்ந்து கிடைக்கும். ஆகவே டொரண்டோ பக்கம் இருந்துகொண்டு காரில் அடிக்கடி எல்லை தாண்டுபவருக்கு நெக்ஸஸ்தான் சரி. ஆனால் அந்தப் பாதையில் காருக்குள் இருக்கும் எல்லோரிடமும் நெக்ஸஸ் அட்டை இருக்க வேண்டும். நயாகரா பார்க்க ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவைப் பின் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு, நம்மிடம்தான் அட்டை இருக்கிறதே என்று அந்தப் பாதைக்குள் நுழைந்தால் விதிமீறல், அட்டையே பறிபோகலாம். அன்றைக்கு மட்டும் எல்லோரோடும் சேர்ந்து சாதாரண வரிசையில் போங்கள். மெக்சிகோ எல்லைக்கு சென்ட்ரி, சரக்கு லாரி ஓட்டுநர்களுக்கு ஃபாஸ்ட் என்று வேறு திட்டங்களும் உண்டு, நம் ஊர்க்காரர்களில் அவை தேவைப்படுகிறவர்கள் குறைவு.

நம் வீடுகளுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது கருவேப்பிலை. பச்சைக் கருவேப்பிலையை அமெரிக்காவுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. அங்குள்ள எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அந்த இலையில் தொற்றிப் போகும் என்பதால் மிகக் கண்டிப்பாக இருக்கிறார்கள். பிள்ளை ஆசைப்படுகிறான் என்று அம்மா துணிக்குள் சுற்றி வைத்துவிடுவார், பெட்டியைத் திறக்கிறவர்களுக்கு அந்த அன்பு தெரியாது, அறிவிக்காத தாவரப் பொருள் என்று மட்டும்தான் தெரியும். குளோபல் என்ட்ரி உள்ளவர்கள் இப்படி மாட்டினால் அபராதத்தோடு உறுப்பினர் தகுதியையும் ரத்து செய்யக்கூடும். நம்பிக்கையான பயணி என்று பெயர் வாங்கினால் மற்றவர்களைவிட அதிகக் கட்டுப்பாடோடு இருக்க வேண்டும். அல்வாவோ கருப்பட்டியோ ஊறுகாயோ எதுவானாலும், உணவுப் பொருள் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். அறிவித்த பொருளை அவர்கள் எடுத்துக்கொண்டால் போகட்டும், மறைத்தால்தான் ஆபத்து.

பெயர் விஷயத்திலும் நமக்குத் தனிச் சிக்கல். பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும், அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அடித்து, இவர் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிடுவார்கள். டிக்கெட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரோடு போட்டிருப்பார்கள். விண்ணப்பத்தில் இன்னொரு மாதிரி. இந்த மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் கணினி நம்மை வேறு ஆளாகத்தான் பார்க்கும், உறுப்பினர் எண்ணை டிக்கெட்டில் சேர்த்திருந்தும் ப்ரீசெக் குறியீடு வராமல் போகும். என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பதே இதைத்தான். பாஸ்போர்ட் புதுப்பிக்கும் நேரத்தில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ போட்டுச் சரிசெய்துவிட்டால் வாழ்நாள் முழுக்க நிம்மதி. கையில் விசா உள்ளவர்கள் மட்டும் அதைப் பற்றி விசாரித்துவிட்டுச் செய்யுங்கள்.

கடைசியாக அரசிடம் ஒரு கோரிக்கை, இதைத் தங்கள் நாளிதழ் எடுத்து எழுத வேண்டும். 2025 செப்டம்பர் பட்டியலில் திருச்சி இருக்கிறது, மதுரை இல்லை. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் விமானம் போகும் மதுரைதான் விருதுநகர், ராமநாதபுரம், தூத்துக்குடி, நெல்லையின் வடபகுதி மக்களுக்கெல்லாம் பக்கம். முதல் கட்டமாக 21 விமான நிலையங்களுக்கு இந்தத் திட்டம் வரும் என்று உள்துறை அறிவித்திருக்கிறது, அதில் மதுரைக்கு இடம் வேண்டும். கைரேகை கொடுக்க மட்டுமாவது திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவை மையத்தில் மாதத்தில் சில நாட்கள் முகாம் நடத்தினால், அதற்காக மலை தாண்டிப் போக வேண்டியதில்லை, பயண நாளன்று பெட்டியும் கையுமாக அதற்கு நிற்கவும் வேண்டியதில்லை. இணையதள வழிமுறையைத் தமிழிலும் போட்டு, பாஸ்போர்ட் அலுவலக வாசலில் "இதற்குக் கட்டணம் இல்லை" என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை வைக்கட்டும், அதற்கு நிதி ஒதுக்கீடுகூடத் தேவைப்படாது. நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இந்த மூன்றையும் உள்துறை அமைச்சகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
டிக்கெட் முன்பதிவு செய்து தரும் ஒரு வாசகர்,
கடையநல்லூர்